தை மாதத்தில் போர்வை எங்கே?

தை மாதம் என்றால் குளிர்.

விடியற்காலையில் எழுந்திருக்க மனம் வராது. கோலம் போடும் பெண்களின் விரல்கள் விறைத்துப் போகும். தெருமுனையில் நாலு பேர் சருகைக் கூட்டித் தீ மூட்டிக் குளிர் காய்வார்கள்.

"தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்" என்பது பழமொழி. பெரியவர்கள் அனுபவித்துச் சொன்ன சொல் அது.

ஆனால், எல்லா ஆண்டும் தை மாதம் ஒரே மாதிரி இருப்பதில்லை. சில ஆண்டுகளில் பொங்கல் வந்து போகும்; குளிர் மட்டும் வராது. போர்வை பெட்டியிலேயே கிடக்கும். மாசி பிறப்பதற்குள் மின்விசிறி சுழலத் தொடங்கிவிடும்.

"குளிர் இல்லாவிட்டால் நல்லதுதானே?" என்று கேட்பவர்கள் உண்டு.

கம்பளி வாங்கும் செலவு மிச்சம். வயதானவர்களுக்கு இரைப்பும் இருமலும் குறைவு. இவை உண்மைதான்.

ஆனால், சேலம், நாமக்கல் சமவெளியில் குளிரை நம்பிப் பிழைப்பவர்கள் ஏராளம். கோழிப் பண்ணை வைத்திருப்பவர், மாந்தோப்பு வைத்திருப்பவர், கிணற்று நீரை நம்பிப் பயிர் செய்பவர் எல்லோரும் அந்த வரிசையில் நிற்கிறார்கள். குளிர் வராத ஆண்டு அவர்களுக்குச் சோதனையான ஆண்டு.

அந்தச் சோதனையை முன்கூட்டியே சொல்லக்கூடியது ஒன்று உண்டு. அதுதான் வானிலை அறிக்கை. அது தினமும் வருகிறது. ஆனால், அதைப் படித்துப் பயன்படுத்துகிறவர்கள் எத்தனை பேர்?

கணக்கு என்ன சொல்கிறது?

"அந்தக் காலத்துக் குளிர் இப்போது இல்லை" என்று எல்லா ஊரிலும் தாத்தாக்கள் சொல்வார்கள். அது வெறும் பேச்சா? உண்மையா? கணக்கைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

1901-ம் ஆண்டு முதல் நாடு முழுவதற்குமான வெப்பக் கணக்கு இந்திய வானிலை ஆய்வுத் துறையிடம் இருக்கிறது.

2025-ம் ஆண்டு ஜனவரி மாதத்தில் இந்தியாவின் சராசரி வெப்பம் 18.98 டிகிரி. 1901-க்குப் பிறகு வந்த ஜனவரி மாதங்களில் இதற்கு மூன்றாவது இடம். முதல் இரண்டு இடங்களில் இருப்பவை 1958-ம் ஆண்டும் 1990-ம் ஆண்டும்.

அதற்கு அடுத்த பிப்ரவரி மாதத்தில் சராசரி 22.04 டிகிரி. இது இயல்பைவிட 1.34 டிகிரி அதிகம். 1901-க்குப் பிறகு வந்த பிப்ரவரி மாதங்களில் இதற்குத்தான் முதல் இடம்.

2023-ம் ஆண்டு பிப்ரவரியில் பகல் வெப்பம் அதற்கு முந்தைய எல்லாப் பிப்ரவரிகளையும் மிஞ்சியது. 2024-ம் ஆண்டோ முழு ஆண்டுக் கணக்கில் 1901-க்குப் பிறகு மிக வெப்பமான ஆண்டாக ஆயிற்று.

"1958-லும் குளிர் குறைந்திருக்கிறதே! இப்போது மட்டும் என்ன புதுமை?" என்று கேட்கலாம்.

நல்ல கேள்வி. 1958-க்குப் பிறகு அப்படி ஒரு ஜனவரி வர 32 ஆண்டுகள் ஆயின. இப்போதோ 2023, 2024, 2025 என்று அடுத்தடுத்த ஆண்டுகளில் வெப்பத்தின் பழைய கணக்குகள் உடைகின்றன. எப்போதாவது வரும் விருந்தாளிக்குச் சமைத்துப் போடலாம். அவர் வீட்டிலேயே தங்கிவிட்டால் அரிசிக்கணக்கை மாற்றித்தான் ஆக வேண்டும்.

மூடி போட்ட பாத்திரம்

குளிர் ஏன் வருகிறது? ஏன் வராமல் போகிறது?

பகலில் சூரியன் நிலத்தைச் சுட வைக்கிறது. இரவில் நிலம் அந்தச் சூட்டை வானத்துக்குத் திருப்பி விடுகிறது. விடியும்வரை விட்டுக்கொண்டே இருக்கிறது. ஆகவேதான் சூரியன் உதிப்பதை ஒட்டிய நேரத்தில் குளிர் மிக அதிகமாக இருக்கிறது.

அடுப்பிலிருந்து இறக்கிய பால் பாத்திரத்தைத் திறந்து வைத்தால் சீக்கிரம் ஆறிவிடும். மூடி வைத்தால் ஆற நேரமாகும். நிலத்துக்கு மேகமும் காற்றில் உள்ள நீராவியும்தான் மூடி.

வானம் துடைத்து விட்டாற்போல் இருந்தால், நிலத்தின் சூடு தடையில்லாமல் போய்விடும். இரவு குளிரும். வானத்தில் மேகம் கவிந்திருந்தால், சூடு தங்கிவிடும். இரவு புழுங்கும்.

வடகிழக்குப் பருவமழைக் காலம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. ஜனவரியில் மழை விலகும். வடக்கிலிருந்து வறண்ட காற்று வரும். அது வந்தால் சேலத்தில் நல்ல குளிர். ஜனவரியில் இரவு வெப்பம் 19 டிகிரி அளவுக்கு இறங்குவது சேலத்தில் வழக்கம்.

சில ஆண்டுகளில் காற்று கிழக்கே திரும்பிவிடும். வங்கக் கடலின் ஈரத்தை அள்ளிக்கொண்டு வரும். மேகம் சேரும். குளிர் ஓடிவிடும்.

இத்துடன் இன்னொரு மூடியும் சேர்ந்துவிட்டது. நிலக்கரியும் பெட்ரோலும் எரிவதால் வரும் கரியமில வாயுதான் அது. மேகம் ஒரு நாள் வரும், மறுநாள் கலையும். கரியமில வாயு கலைவதில்லை. ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே போகிறது. இந்த மூடி சேலத்துக்கு மட்டும் அல்ல. உலகத்துக்கே போட்ட மூடி.

2023-ம் ஆண்டு ஜனவரி முதல் தேதி போலந்து நாட்டுத் தலைநகரான வார்சாவில் வெப்பம் 18.9 டிகிரியைத் தொட்டது. பனி உறைந்து கிடக்க வேண்டிய ஊர் அது. அன்று அந்த ஊரின் பகல் கிட்டத்தட்டச் சேலத்தின் மார்கழி இரவு போல இருந்தது!

மலை சூழ்ந்த ஊர்

சேலத்தைச் சுற்றி மலைகள். வடக்கே சேர்வராயன் மலை. அத்துடன் கஞ்சமலை, ஜருகுமலை, நகரமலை. நாமக்கல்லுக்குக் கொல்லிமலை.

உயரப் போகப் போகக் குளிரும். 1,000 மீட்டர் ஏறினால் ஏறத்தாழ 6.5 டிகிரி குறையும் என்பது பொதுக்கணக்கு. சேலத்தைவிட ஏற்காடு சுமார் 1,200 மீட்டர் உயரம். ஆகவே ஏற்காட்டில் சேலத்தைவிட சுமார் 8 டிகிரி குறைவாக இருக்கும்.

ஆனால், அமைதியான குளிர் இரவில் வேறொரு வேடிக்கை நடக்கும். குளிர்ந்த காற்று கனமானது. அது மலைச்சரிவில் தண்ணீர் போல் வழிந்து அடிவாரத்துப் பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் அடிவாரத்து ஊர்களில் காலையில் பனிமூட்டம் படுத்துக் கிடக்கிறது.

இதிலிருந்து என்ன தெரிகிறது? சேலம் என்று ஒரே ஓர் எண்ணைச் சொன்னால் போதாது. ஓமலூருக்கு ஒரு குளிர். ஆத்தூருக்கு ஒரு குளிர். பரமத்தி வேலூருக்கு வேறொரு குளிர். வட்டாரத்துக்கு வட்டாரம் அறிக்கை வேண்டும்.

கோழிக்கு வியர்க்காது

நாமக்கல் என்றால் முட்டை. தினமும் கோடிக்கணக்கான முட்டைகள் இந்தப் பகுதியில் கிடைக்கின்றன. பள்ளிக்கூடச் சத்துணவில் குழந்தையின் தட்டில் விழும் முட்டைக்கும் நாமக்கல்லின் தட்பவெப்பத்துக்கும் நெருங்கிய உறவு உண்டு.

மனிதனுக்குச் சூடு ஏறினால் வியர்க்கும். வியர்வை காயும்போது உடல் குளிரும். கோழிக்கு வியர்வைச் சுரப்பியே கிடையாது. அதன் உடல் வெப்பமோ 41 டிகிரிக்கு மேல். சூடு தாங்காவிட்டால் அது வாயைத் திறந்துகொண்டு இரைக்கும். இறக்கையை விரித்து நிற்கும். தீனியைக் குறைத்துவிடும்.

முட்டையிடும் கோழி ஒன்று நாளைக்குச் சுமார் 110 கிராம் தீனி தின்னும். 10,000 கோழிகள் உள்ள பண்ணையில் ஒவ்வொரு கோழியும் 5 கிராம் குறைத்துத் தின்றால், ஒரு நாளைக்கு 50 கிலோ குறையும். தீனி மிச்சம் என்று மகிழ முடியாது. தீனி குறைந்தால் சத்து குறையும். சத்து குறைந்தால் முட்டை சிறுக்கும்.

ஓடும் மெலிந்துவிடும். ஏன் தெரியுமா?

முட்டை ஓடு சுண்ணாம்புச் சத்தால் ஆனது. அது உருவாகக் கோழியின் ரத்தத்தில் உள்ள கரியமிலப் பொருளும் வேண்டும். கோழி வாயைத் திறந்து இரைக்கும்போது அந்தப் பொருள் மூச்சோடு வெளியே போய்விடுகிறது. ஓட்டுக்கு வேண்டிய சரக்கு குறைகிறது. மெல்லிய ஓடு லாரி குலுக்கலில் உடைகிறது.

இதெல்லாம் கோடைக் கஷ்டம். பண்ணைக்காரர்கள் அதைப் பங்குனியில் எதிர்பார்த்துத் தயாராவார்கள். கொட்டகைக் கூரைமேல் தண்ணீர் தெளிப்பார்கள். விடியற்காலையிலும் மாலையிலும் தீனி வைப்பார்கள். தீனியில் சத்தைக் கூட்டுவார்கள்.

குளிர் வராத ஆண்டில் அந்தக் கஷ்டம் மாசியிலேயே கதவைத் தட்டுகிறது. பண்ணைக்காரர் குளிர்காலத் தீனியையே வைத்துக்கொண்டிருந்தால் நஷ்டம்தான்.

நாமக்கல்லுக்கு இதில் ஒரு நல்வாய்ப்பு இருக்கிறது. 1985-ம் ஆண்டு தொடங்கப்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரி அங்கே இருக்கிறது. அந்தக் கல்லூரியின் வானிலை அறிக்கை பத்திரிகைகளில் வருகிறது. மழை, வெப்பம், காற்று, ஈரப்பதம் ஆகியவற்றைச் சொல்வதோடு அது நிற்பதில்லை. "இந்த வானிலையில் கோழிக்கு என்ன செய்ய வேண்டும்?" என்றும் சொல்கிறது.

வானிலை அறிக்கை இப்படித்தான் இருக்க வேண்டும். வானத்தைச் சொல்வது பாதி. வாசலில் செய்ய வேண்டியதைச் சொல்வது மீதி.

மாமரம் ஏமாறும்

சேலம் மாம்பழத்துக்கு அறிமுகம் வேண்டியதில்லை. மல்கோவா ஒன்று போதும்.

மாமரம் பூப்பதற்குக் குளிர் வேண்டும். இரவுக் குளிர்தான் மரத்துக்குச் சமிக்ஞை. குளிர் பட்டதும் கிளை நுனியில் பூங்கொத்து கிளம்பும். இரவு வெதுவெதுப்பாகவும் மண் ஈரமாகவும் இருந்தால் மரம் ஏமாறிவிடும். பூ வர வேண்டிய இடத்தில் இலைத் தளிர் வரும்.

தளிர் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால், தளிரைச் சந்தையில் விற்க முடியுமா?

பூவும் ஒரே சமயத்தில் வராது. முன்னும் பின்னுமாக வரும். காயும் அப்படியே. தத்துப்பூச்சிக்கு நீண்ட நாள் விருந்து. மருந்தடிக்கும் செலவு கூடும்.

தோப்புக்காரர் மரத்துக்குக் குளிரை வாங்கிக் கொடுக்க முடியாது. ஆனால், குளிர் குறையும் என்று முன்பே தெரிந்தால் சில காரியங்கள் செய்யலாம். பூக்கும் முன் நீர் பாய்ச்சுவதை நிறுத்தி வைக்கலாம். தோட்டக்கலைத் துறையினரிடம் யோசனை கேட்கலாம். தோப்பைக் குத்தகைக்கு விடும்போது யோசித்துப் பேசலாம்.

களத்தில் காய்வது கூலி

சேலத்தில் மரவள்ளிக் கிழங்கு ஜவ்வரிசியாகிறது. ஜவ்வரிசியும் மாவும் வெயிலில்தான் காய வேண்டும். ஈரோடு, சேலம், நாமக்கல் பக்கத்து மஞ்சளும் அப்படியே. அறுவடை முடிந்து, வேகவைத்து, களத்தில் பரப்புவது தை, மாசி மாதங்களில்.

குளிர் குறைந்த நாட்களைப் பெரும்பாலும் எது கொண்டு வருகிறது? கிழக்குக் காற்றும் மேகமும். மேகம் வந்தால் தூறலும் வரலாம். அரை மணி நேரத் தூறல் போதும். களத்தில் பரப்பிய சரக்கின் நிறம் போய்விடும். நிறம் போனால் விலை போய்விடும்.

அன்று காலையில், "ஓரிரு இடங்களில் லேசான மழை பெய்யக்கூடும்" என்ற ஒரு வரியைக் கவனித்திருந்தால், தார்ப்பாய் தயாராக இருந்திருக்கும். களத்தில் காய்வது வெறும் மாவு அல்ல. வேலை செய்கிறவர்களின் கூலியும் அதில்தான் இருக்கிறது.

தண்ணீர்க் கஷ்டமும் உண்டு. மேட்டூர் அணையின் கிழக்கு, மேற்குக் கரை வாய்க்கால்களில் ஆகஸ்டு 1 முதல் டிசம்பர் 15 வரை தண்ணீர் விடுவது வழக்கம். சேலம், நாமக்கல், ஈரோடு மாவட்டங்களில் 45,000 ஏக்கர் அதனால் பாசனம் பெறுகிறது. வாய்க்கால் அடைத்த பிறகு கிணறுதான் கதி. வெயில் முந்திக்கொண்டால் மண் சீக்கிரம் காயும். மோட்டார் அதிக நேரம் ஓடும். சித்திரையில் வற்ற வேண்டிய கிணறு பங்குனியிலேயே அடிதட்டும்.

இங்கே புழுக்கம், அங்கே மூடுபனி

நாமக்கல் லாரிகள் இந்தியா முழுவதும் ஓடுகின்றன. டிரைவர் வீட்டை விட்டுப் புறப்படும்போது சட்டை வியர்வையில் நனைகிறது. நாலு நாள் கழித்துப் பஞ்சாபிலோ உத்தரப் பிரதேசத்திலோ அவர் கண் முன்னால் வெள்ளைத் திரை தொங்குகிறது.

வடநாட்டில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் மூடுபனி பயங்கரமானது. 200 மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியாவிட்டால் அது அடர்ந்த மூடுபனி. 50 மீட்டரே தெரியாவிட்டால் மிக அடர்ந்த மூடுபனி. முன்னால் நிற்கும் வண்டி கண்ணில் படுவதற்குள் விபத்து நடந்துவிடும்.

வானிலைத் துறை மூடுபனிக்கும் முன்னறிவிப்பு கொடுக்கிறது. லாரி புறப்படும் முன் டயரைத் தட்டிப் பார்ப்பது போல், போகும் வழியின் வானிலையையும் பார்த்துவிட வேண்டும். வீட்டில் மனைவி மக்கள் காத்திருக்கிறார்கள் என்பது நினைவிருக்க வேண்டும்.

அறிக்கை எப்படித் தயாராகிறது?

வானிலை அறிக்கை ஜோசியம் அல்ல. அது அளந்து சொல்வது.

சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792-ம் ஆண்டிலேயே கிழக்கிந்தியக் கம்பெனியார் வானாராய்ச்சி நிலையம் அமைத்தார்கள். இந்திய வானிலை ஆய்வுத் துறை 1875-ம் ஆண்டு ஜனவரி 15-ந்தேதி பிறந்தது. 2025-ம் ஆண்டு மாட்டுப் பொங்கல் அன்று அதற்கு 150 வயது நிறைந்தது.

1904 முதல் 1924 வரை அந்தத் துறைக்குத் தலைவராக இருந்தவர் கில்பர்ட் வாக்கர். அவர் கணித மேதை. பசிபிக் கடல் பக்கம் காற்றழுத்தம் ஏறினால் இந்தியக் கடல் பக்கம் இறங்குகிறது, அது இறங்கினால் இது ஏறுகிறது என்று அவர் கண்டறிந்தார். ஏற்றப்பலகை விளையாட்டு போல! எங்கோ இருக்கும் கடலுக்கும் இங்கே பெய்யும் மழைக்கும் தொடர்பு உண்டு என்பது அதனால் தெரிந்தது. "எல் நினோ" என்று பத்திரிகைகளில் வருகிறதே, அதுவும் இந்த விளையாட்டில் ஒரு பகுதிதான்.

அன்னா மாணி என்ற பெண் விஞ்ஞானியையும் மறக்கக் கூடாது. 1918-ம் ஆண்டு பீர்மேட்டில் பிறந்தவர். வெளிநாட்டுக் கருவிகளையே நம்பியிருந்த நிலையை மாற்றி, வானிலைக் கருவிகளை இந்தியாவிலேயே செய்ய வழிவகுத்தவர் அவர்.

இன்று வேலை எப்படி நடக்கிறது?

மரப்பெட்டிக்குள் இருக்கும் வெப்பமானிகளைத் தினமும் காலை 8.30 மணிக்குப் பார்த்துக் குறிக்கிறார்கள். காற்றில் பலூன் விட்டு, மேலே உள்ள வெப்பத்தையும் ஈரத்தையும் அளக்கிறார்கள். வானத்தில் செயற்கைக்கோள் சுற்றுகிறது. 2024-ம் ஆண்டு பிப்ரவரியில் அனுப்பிய இன்சாட்-3டிஎஸ் அவற்றில் ஒன்று. எல்லாக் கணக்கும் பெரிய கம்ப்யூட்டருக்குப் போகிறது. அது கணக்குப் போட்டுச் சொன்னதை, அனுபவமுள்ள அதிகாரிகள் சரிபார்த்து வெளியிடுகிறார்கள்.

படிப்பது எப்படி?

அறிக்கையில் வரும் சில சொற்களுக்குத் திட்டமான பொருள் உண்டு. தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

"இயல்பு" என்றால் என்ன? 30 ஆண்டுகளின் சராசரி. இப்போது 1991 முதல் 2020 வரை உள்ள ஆண்டுகளின் சராசரியை இயல்பு என்று கொள்கிறார்கள். ஒன்றரை டிகிரி கூடினாலும் குறைந்தாலும் அது இயல்புதான். அதற்கு மேல் போனால்தான் "இயல்பைவிட அதிகம்".

"குறைந்தபட்ச வெப்பநிலை" என்பது பெரும்பாலும் விடியற்காலை வெப்பம். "அதிகபட்ச வெப்பநிலை" என்பது பிற்பகல் வெப்பம். குளிர்காலத்தில் முதல் எண்ணைத்தான் முக்கியமாகப் பார்க்க வேண்டும். ஏனென்றால் மாமரம் பூப்பதையும் பனி இறங்குவதையும் அந்த எண்தான் சொல்கிறது.

"ஓரிரு இடங்களில்" மழை என்றால், அந்தப் பகுதியில் நாலில் ஒரு பங்கு இடங்களுக்கு மேல் பெய்யாது என்று பொருள். "பெரும்பாலான இடங்களில்" என்றால், நாலில் மூன்று பங்குக்கு மேல் பெய்யும். முதலாவதைப் படித்துவிட்டு, "எங்கள் தெருவில் பெய்யவில்லையே! அறிக்கை பொய்" என்று சொல்வது சரியல்ல.

நாளைக்குச் சொல்வதை நிறைய நம்பலாம். ஐந்து நாட்களுக்குச் சொல்வதைக் கவனத்தோடு நம்பலாம். மூன்று மாதங்களுக்குச் சொல்வது போக்கை மட்டும் காட்டும். "இந்தக் குளிர்காலம் வழக்கத்தைவிட வெப்பமாக இருக்க வாய்ப்பு அதிகம்" என்றால், நடுவில் நாலு நாள் குளிரே வராது என்று பொருள் அல்ல.

2025-ம் ஆண்டு ஜனவரி முடிவில், "பிப்ரவரியில் நாட்டின் பெரும்பகுதியில் வெப்பம் இயல்பைவிட அதிகமாக இருக்கும்" என்று வானிலைத் துறை சொன்னது. அப்படியே நடந்தது. மாதம் பிறக்கும் முன்பே வந்த எச்சரிக்கை அது. பயன்படுத்திக்கொண்டவர்கள் தப்பினார்கள்.

வெயில் முந்திக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்குப் பஞ்சாப் கோதுமை சாட்சி. 2022-ம் ஆண்டு மார்ச்சில் திடீரென வெயில் ஏறியது. பால் பிடித்த கோதுமை மணி சுருங்கியது. விளைச்சல் குறைந்தது. விலை ஏறியது. மே 13-ந்தேதி கோதுமை ஏற்றுமதிக்கே மத்திய அரசு தடை போட்டது. வயலில் ஏறிய வெயில் சப்பாத்திக் கல்வரை வந்து சுட்டது.

செய்ய வேண்டியது என்ன?

வானிலைத் துறை தன் வேலையைச் செய்கிறது. கல்லூரியும் செய்கிறது. ஆனால், அறிக்கை போய்ச் சேர வேண்டிய கடைசி வீடுவரை போய்ச் சேர வேண்டுமே!

முதலாவதாக, ஊர்ப் பொது இடத்தில் ஒரு கரும்பலகை வேண்டும். பால் சங்கம், ரேஷன் கடை, ஊராட்சி அலுவலகம் ஆகிய மூன்று இடங்கள் போதும். இன்றைய விடியற்காலை வெப்பம், இயல்பு எவ்வளவு, மழை உண்டா இல்லையா என்று மூன்று வரி எழுத ஒரு சுண்ணாம்புக்கட்டிதான் செலவு. பள்ளிக்கூடத்தில் இந்த வேலையை மாணவர்களிடம் கொடுத்தால், அவர்களுக்குப் பாடம், ஊருக்குப் பயன்.

இரண்டாவதாக, அளக்கும் கருவிகள் பெருக வேண்டும். ஏற்காட்டில் வானிலை ரேடார் அமைக்கத் தமிழக அரசு திட்டம் வகுத்தது. மலைமேல் ஒரு கண் இருந்தால், சமவெளியில் எங்கே மேகம் திரள்கிறது என்பதைக் கையோடு சொல்லிவிடலாம். தானியங்கிக் கருவிகள் வட்டாரத்துக்கு வட்டாரம் வேண்டும். வைத்தால் மட்டும் போதாது. பழுது பார்த்து ஓட வைக்க வேண்டும்.

மூன்றாவதாக, அறிக்கை குடியானவர் பேசும் தமிழில் இருக்க வேண்டும். "குறைந்தபட்ச வெப்பநிலை இயல்பைவிட 3 டிகிரி அதிகம்" என்பது சரிதான். அதோடு, "கோழித் தீனியை விடியற்காலையில் வையுங்கள், களத்துச் சரக்கை மூடி வையுங்கள்" என்ற வரியும் வேண்டும்.

மக்கள் செய்ய வேண்டியதும் உண்டு. இன்று பெரும்பாலான வீடுகளில் செல்போன் இருக்கிறது. அதில் சினிமா பார்க்கிறார்கள். 2019-ம் ஆண்டு மத்திய அரசு கொண்டு வந்த "மேகதூத்" செயலியும் அதே செல்போனில் வேலை செய்யும். மாவட்டத்தைக் குறிப்பிட்டால் வானிலையும் பயிர் யோசனையும் தமிழில் வரும். செயலி தெரியாதவர்கள் 1800-180-1551 என்ற விவசாயிகள் அழைப்பு மையத்துக்குப் போன் செய்யலாம். காசு கிடையாது.

வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இருந்தால் தினமும் காலையில் அறிக்கையை உரக்கப் படிக்கச் சொல்லலாம். தாத்தாவும் பாட்டியும் கேட்கட்டும். அவர்கள் காற்றின் திசையைப் பார்த்து, பனியின் இறக்கத்தைப் பார்த்து ஒன்று சொல்வார்கள். அறிக்கை ஒன்று சொல்லும். இரண்டும் ஒத்துப் போகிறதா என்று பிள்ளை எழுதி வைக்கட்டும். ஓர் ஆண்டு முடிந்தால் அந்த நோட்டுப் புத்தகம் அந்த வீட்டுக்கு ஒரு சொத்து.

குளிர் வராத தை மாதம் ஒரு கடிதம் போன்றது. "வெயில் சீக்கிரம் வருகிறது, தயாராக இருங்கள்" என்று அதில் எழுதியிருக்கிறது. கடிதத்தைப் பிரிக்காமல் எரவாணத்தில் செருகி வைத்துவிட்டு, பங்குனியில் கையைப் பிசைவதில் பயன் இல்லை.

போர்வையைப் பெட்டியில் வைக்கலாம். வானிலை அறிக்கையைப் பெட்டியில் வைக்கக் கூடாது!